கார்டைத் திருப்பிக் கொடுத்ததற்கு அறுபத்திரண்டு மார்க் கட்

“உன் துட்ட அடகு வச்சு உன் துட்டையே கடன் வாங்குறதுக்கா, ஏட்டி, காலேசு வரைக்கும் போன?”

நான்கு வருடங்களுக்கு முன்பு அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு அடுப்பில் கொதித்த கட்டன் சாயாவை இறக்கப் போய்விட்டாள். பதிலுக்குக் காத்திருக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

கேட்டதில் தப்பும் இல்லை. அன்றைக்கு நான் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டியது ஒரு கிரெடிட் கார்டு. சாதாரணக் கார்டு அல்ல. வங்கியில் ஐம்பதாயிரம் ரூபாயை ஃபிக்சட் டெபாசிட்டாகப் போட்டு, அதன் பேரில் வாங்கிய கார்டு. நாற்பதாயிரம் வரை செலவு செய்யலாம். ஒழுங்காகக் கட்டாவிட்டால் வங்கி என் டெபாசிட்டில் கை வைக்கும். ‘செக்யூர்டு கார்டு’ என்று பெயர். யாருக்குப் பாதுகாப்பு? எனக்கல்ல... வங்கிக்கு.

ஏன் வாங்கினேன்? வேறு யாரும் தரவில்லை, அதனால் வாங்கினேன். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டுடோரியலில் காமர்ஸ் டீச்சராகச் சேர்ந்த புதிதில், ஆசை ஆசையாக ஒரு கார்டுக்கு விண்ணப்பித்தேன். ‘உங்களுக்குக் கடன் வரலாறு இல்லை’ என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வரலாறே என்னிடமிருந்துதான் தொடங்குகிறது. கடன் வரலாற்றுக்கு நான் எங்கே போவது? அம்மா, மூணாரை அடுத்த பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பத்தேழு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். அவள் பெயரை எழுதக் கற்றுக் கொடுத்ததே நான்தான். அப்போது நான் நான்காம் வகுப்பு.

ஆக, வரலாற்றையும் நானே எழுத ஆரம்பித்தேன். மாதம் ஒரு போன் ரீசார்ஜ், எப்போதாவது ஒரு சுடிதார், மூணாருக்கு பஸ் டிக்கெட். பில் வந்த மறுநாளே கட்டிவிடுவேன். நான்கு வருடத்தில் என் கிரெடிட் ஸ்கோர் 778. தொள்ளாயிரத்துக்கு!

பத்தாம் வகுப்பு மார்க்குக்குப் பிறகு நான் ஊர் முழுக்கச் சொன்ன மார்க் அதுதான். வாட்ஸப் ஸ்டேட்டஸில்கூட வைத்தேன். என் மாணவி ஒருத்தி, “கங்ராட்ஸ் மிஸ், எந்த எக்ஸாம்?” என்று கேட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருடம் அம்மா ரிட்டயர் ஆனாள். எஸ்டேட்டில் ரிட்டயர் ஆவது என்றால் வேலை மட்டும் போவதில்லை, வீடும் போகும். லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, கம்பெனியுடையது. குறிப்பிட்ட மாதத்துக்குள் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் கிராஜுவிட்டி. முப்பத்தேழு வருடம் இருந்த வீட்டிலிருந்து அம்மா எங்கே போவாள்? என்னோடு லேடீஸ் ஹாஸ்டலில் மூன்றாவது கட்டில் போட முடியாது.

அதனால் ஒரு வீடு பார்த்தேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோவிந்தாபுரத்தில், ஓடு போட்ட சின்ன வீடு. வாசலில் நின்றால் பஸ் ஸ்டாப் தெரியும். பழனிச்சாமி என்கிற விவசாயியுடையது. ஒரு லட்சம் முன்பணம், மூன்று மாதத்தில் மீதி என்று பேச்சு. அம்மாவின் பி.எஃப். பணம் கொஞ்சம், வங்கிக் கடன் மிச்சம் என்று என் கணக்கு. முன்பணத்தில் மட்டும் ஐம்பதாயிரம் இடித்தது.

இங்கேதான் அம்மாவின் தத்துவம் உள்ளே வந்தது.

ரிட்டயர் ஆகும்போது எஸ்டேட்டில் ஒரு நடைமுறை உண்டு. கம்பெனி கொடுத்த எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொழுந்து வெட்டும் கத்திரி, மழைக்குக் கட்டும் தார்ப்பாய், கூடை... ஒவ்வொன்றையும் அந்தந்த ஆபீஸில் ஒப்படைத்து, ‘பாக்கி இல்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். அம்மா அந்தத் தாளில் ஏழு கையெழுத்து வாங்கியிருந்தாள். கத்திரியைத் துடைத்து, எண்ணெய் போட்டுக் கொடுத்தாளாம். ஸ்டோர்காரரே, “இது புதுசா, பழசா?” என்று கேட்டாராம். இதை அவள் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். நான் 778 என்று சொன்னபோது எனக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

“நீ பெரிய கடன் கேக்கப் போற. கையில இன்னொரு பேங்குக்காரன் சாமான வச்சுக்கிட்டு எப்படிட்டி போவ?” என்றாள்.

“அது சாமான் இல்லம்மா, கார்டு.”

“அவன் குடுத்ததுதான? அவன்கிட்டயே குடு. உன் துட்டும் திரும்பக் கெடைக்கும், பேரும் சுத்தமாப் போகும்.”

யோசித்துப் பாருங்கள். எவ்வளவு அழகான லாஜிக்! பி.காம்., எம்.காம்., பி.எட். என்று மூன்று பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடுகிற நான், ஒரு நிமிடம்கூட எதிர்த்துப் பேசவில்லை. ஐம்பதாயிரமும் தேவையாக இருந்தது... மறுநாளே போனில் சொல்லிக் கார்டை மூடினேன். டெபாசிட்டை எடுத்தேன். முன்பணத்தைக் கொடுத்தேன். பெயர் சுத்தம்.

ஒரு மாதம் கழித்து, பக்கத்து ஊரான கொல்லங்கோட்டில் வேறொரு வங்கிக்குக் கடன் கேட்கப் போனோம். அம்மாவும் வந்தாள். லோன் செக்‌ஷனில் இருந்தவர் ஒரு மலையாளி மேடம். கம்ப்யூட்டரில் என் விவரத்தைத் தட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

“716 ஆணு மோளே.”

“778 இருந்துச்சே மேடம்.”

“இருந்நு. பின்னே எந்தினு பழைய கார்டை குளோஸ் செய்தது? லோனுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆரெங்கிலும் அது செய்யுமோ?” பழைய கார்டை எதற்கு மூடினாய் என்று கேட்கிறார்.

அந்த வங்கியில் 750-க்குக் கீழே என்றால் வட்டி கூடும். அதோடு ஜாமீனுக்கு ஒரு அரசு ஊழியரும் வேண்டும். எனக்குத் தெரிந்த அரசு ஊழியர்கள் எல்லாம் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் அப்பாக்கள். அவர்களிடம் போய்க் கையை நீட்டுவதா? அது என்னால் ஆகாது. வீட்டுக்காரர் கொடுத்த மூன்று மாதத்தில் ஒன்றேகால் மாதம் ஓடிவிட்டது. லயத்துச் சாவிக்கு அதைவிட இரண்டு வாரம்தான் கூடுதல்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மேடம், நான் ஒண்ணு கேக்குதேன். பிள்ள வாங்குன பொருளத் திருப்பிக் குடுத்திருக்கா. ஒத்தப் பைசா பாக்கி இல்ல. அதுக்கா மார்க்கக் கொறச்சிய?”

“அது அங்ஙனெ அல்ல அம்மா...”

“எங்க எஸ்டேட்டுல திருப்பிக் குடுக்காட்டாதான் துட்டப் பிடிப்பாங்க.” கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து அந்த ஏழு கையெழுத்துத் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். “பாருங்க. இது என் மார்க்கு.”

எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று இருந்தது. மேடம் அந்தத் தாளைக் கையில் எடுத்து, ஏழு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்க ஆரம்பித்தார்.

என்னிடம் இன்னொரு கார்டும் இருக்கிறது. போன வருடம் வாங்கியது, இருபதாயிரம் லிமிட். அதில் தவணையில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கி, பதினைந்தாயிரம் பாக்கி வைத்திருந்தேன்... ஓணம் ஆஃபர். வீடு வாங்கும் முன்பே வாஷிங் மெஷின் வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அது இன்னும் ஹாஸ்டல் வராந்தாவில் அட்டைப்பெட்டியோடு நிற்கிறது. வார்டன் அதன்மேல் குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருக்கிறார்.

இரண்டு கார்டும் இருந்தபோது, அறுபதாயிரம் லிமிட்டில் பதினைந்தாயிரம் கடன். கால் பங்கு. ஸ்கோர் போடுகிறவர்கள் கண்ணுக்கு, அடக்கமான பெண். பழைய கார்டை மூடியதும் இருபதாயிரத்தில் பதினைந்தாயிரம். முக்கால் பங்கு. அதே கடன்தான், ஒரு ரூபாய் கூடவில்லை. ஆனால் இப்போது பார்த்தால், கிடைத்ததையெல்லாம் வழித்துச் செலவழிக்கிறவள்.

மேடம் இதை மலையாளமும் தமிழும் கலந்து சொல்லி முடித்ததும், அம்மா தலையாட்டினாள். “ரெண்டு கூடை இருந்தப்ப பாரம் அடியில கெடந்துச்சு. ஒத்தக் கூடையத் திருப்பிக் குடுத்ததும், மிச்சக் கூடை வாய் வரைக்கும் நெறஞ்சு தெரியுது. அதான?”

“அதன்னே,” என்று ஆமோதித்தார் மேடம்.

“பெறகு?”

இரண்டாவது விஷயம் வயது. மூடிய கார்டுக்கு நான்கு வயது. அதில் நான் ஒழுங்காகக் கட்டிய கணக்கு ரிப்போர்ட்டிலிருந்து உடனே அழிந்துவிடாது, சில வருடம் இருக்கும். ஆனால் இப்போது புழக்கத்தில் இருப்பது ஒரு வயதுக் கார்டு மட்டும்.

“சர்வீஸ் உள்ளவள வீட்டுக்கு அனுப்பிட்டு, போன வருசம் சேந்த பிள்ளய வச்சு வேல ஓட்டுதா,” என்றாள் அம்மா.

இதை நான் புரிந்துகொள்ள, அன்று இரவு பஸ்ஸிலும் மறுநாள் ஸ்டாஃப் ரூமிலும் இணையத்தில் ஏழெட்டுக் கட்டுரை படிக்க வேண்டியிருந்தது. நான் காமர்ஸ் டீச்சர் என்பதைத் தயவுசெய்து என் மாணவர்களிடம் நினைவுபடுத்தாதீர்கள்.

வழி என்ன? மேடம் இரண்டு வேலை சொன்னார். ஒன்று, வாஷிங் மெஷின் கடனை மொத்தமாகக் கட்டு. ஸ்கோர் உடனே ஏறாது, அடுத்த பில் போய்ச் சேர்ந்து ரிப்போர்ட் மாற ஒன்றரை மாதம்கூட ஆகலாம். இரண்டு, பழைய கார்டு மூடியாயிற்று என்று அந்த வங்கியிடமிருந்து கடிதம் கொண்டு வா. ரிப்போர்ட்டில் லிமிட் பூஜ்யம் என்று காட்டுகிறதே தவிர, ‘மூடப்பட்டது’ என்ற வரி இன்னும் ஏறவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “குடுத்ததுக்கு ரசீது வாங்குனியா?”

நான் மேஜைமேல் இருந்த பேனாவைத் திருப்பி வைத்தேன்.

“ஏட்டி... வாங்கலியா?”

போனில் மூடினேன். ‘உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்று ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. அதையும் போன் மெமரி நிறைந்துவிட்டதென்று அழித்துவிட்டேன். அம்மா அந்த மேடம் எதிரில் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, “வா, போவோம்,” என்றாள். ஒரு தார்ப்பாய்க்குக் கையெழுத்து வாங்க மூன்று நாள் ஆபீஸ் வாசலில் நின்றவள் அவள். நான் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸை நம்பியவள்.

பாலக்காட்டுச் சித்தூரில் இருந்தது கார்டு கொடுத்த வங்கி. அங்கே கவுண்டரில் இருந்த இளைஞர், “மெயில் போடுங்க மேடம், ஏழு நாளில் சாஃப்ட் காப்பி வரும்,” என்றார். நான் சரி என்று திரும்பினேன். அம்மா திரும்பவில்லை.

“தம்பி, சீல் வச்சுக் குடு.”

“மெயிலில் சீல் வராதும்மா.”

“அப்ப தாள்ல குடு. நான் இங்கன உக்காந்திருக்கேன். ஒனக்கு ஒரு அவசரமும் இல்ல.”

அவசரம் இல்லை என்று அம்மா சொன்னால் அது மிரட்டல். எனக்குத் தெரியும், அந்தத் தம்பிக்குத் தெரியாது. முக்கால் மணி நேரத்தில் தெரிந்துகொண்டார். மேனேஜர் கையெழுத்தும், வட்ட சீலும், தேதியும் போட்ட கடிதம் கைக்கு வந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. ஆனால் சீல் பாதியில் அழிந்திருந்ததைக் கண்டுபிடித்து, இன்னொரு தடவை குத்தச் சொன்னாள்.

வாஷிங் மெஷின் கடனை, சம்பளம் வந்த அன்றே மொத்தமாகக் கட்டினேன். அந்த மாதம் முழுக்க ஹாஸ்டல் மெஸ்ஸில் எனக்குப் பிடிக்காத சாம்பார் எதுவும் இல்லை.

மிச்சமிருந்தது வீட்டுக்காரர். கெடு போதாது என்று சொல்லி இன்னும் கொஞ்ச நாள் கேட்க வேண்டும். கோவிந்தாபுரத்துக்குப் போனோம். பழனிச்சாமி தோப்பில் மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க அம்மணி. லோன் ஆச்சுங்களா?”

சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. “பொள்ளாச்சியில இருந்து இன்னொரு பார்ட்டியும் வந்து ஊட்டப் பாத்துட்டுப் போயிருக்குதுங்க. ரொக்கமாத் தரேங்கறாங்க. நான் ஒங்களுக்கு வாக்குக் குடுத்துப்போட்டனேன்னு இருக்கேன்.” பிறகு கொஞ்சம் தயங்கி, “ஏனுங்க, டீச்சரம்மாவுக்கே மார்க்கு கம்மியாப் போச்சுங்களா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். “பெயிலாகல. மறுபடி எழுதுதா.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு சந்தேகம் வந்தது. “கடனைத் தீத்தா பேரு கெட்டுப்போகுமுங்களா? என்ன நாயமுங்க இது? நானெல்லாம் பேங்குல பத்து ரூவா வாங்குனதில்லீங்க.”

“அப்படின்னா உங்களுக்கு ஸ்கோரே இருக்காதுங்க,” என்றேன். டீச்சர் வாய், சும்மா இருக்காது.

“இருக்காதுங்களா?”

“பூஜ்யம்கூட இல்லீங்க. ஒண்ணுமே இருக்காது. உங்களைப் பத்தி அவங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு அர்த்தம்.”

மோட்டாரை நிறுத்தினார். “பன்னெண்டு ஏக்கரா தோப்பு வெச்சிருக்கேன். இந்தச் சுத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. என்னைய அவனுகளுக்குத் தெரியாதுங்களா?”

அந்த வருத்தத்தில்தான் எங்களுக்குக் கூடுதலாக இருபது நாள் கிடைத்தது என்று நினைக்கிறேன். ஸ்கோர் என்பதன் மேலேயே அவருக்கு மரியாதை போய்விட்டது. கிளம்பும்போது அம்மாவின் கையில் இரண்டு தேங்காயும் கொடுத்தார்.

பிறகு காத்திருந்தோம். தினமும் போனில் ஸ்கோர் ஆப்பைத் திறந்து பார்ப்பேன். 716. மறுநாளும் 716. அம்மா லயத்திலிருந்து காலையில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். “வந்துச்சா?” பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட அவள் இப்படிக் கேட்டதில்லை. அப்போது என் பேரில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

அந்த நாட்களில் ஒன்று யோசித்தேன். இந்த ஸ்கோரை நாம் ஏதோ நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். கடனே வாங்காதவர், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு போகிறவர்... நம் ஊரில் இவர்கள்தான் பெரிய மனிதர்கள். ஸ்கோர் போடுகிறவர்களுக்கு இவர்கள் அந்நியர்கள். அவர்களுக்குப் பிடித்தவர் வேறு ரகம். கையில் கடன் வாங்க வசதி இருக்க வேண்டும், வாங்கலாம் என்கிற சபலம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆனாலும் கொஞ்சமாக வாங்கி, தேதிக்குக் கட்டி, வருடக்கணக்கில் அதே மாதிரி இருக்க வேண்டும். பார்க்கப்போனால், அதுவும் ஒரு வகையில் யோக்கியதைதான். என்ன, நமக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

செக்யூர்டு கார்டை மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெபாசிட் பணம் வேண்டியிருக்கும், வருடச் சந்தா கடிக்கும்... மூடலாம். பெரிய கடன் ஏதாவது வாங்கப் போகிறீர்கள் என்றால் அது கைக்கு வந்த பிறகு மூடுங்கள். மற்ற கார்டில் பாக்கி இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கிற ரீசார்ஜ், ஓடிடி எல்லாம் இந்தக் கார்டில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள். மூடியதும் கடிதம். சில வாரம் கழித்து ரிப்போர்ட்டில் மூடியதாக ஏறியிருக்கிறதா என்று ஒரு பார்வை. கடைசி இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது கல்லூரி அல்ல என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை, கம்பெனிச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. வகுப்பில் போன் பார்க்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. போர்டுப் பக்கம் திரும்பி, முந்தானையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். 754.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“எத்தனைக்கு?”

“தொள்ளாயிரத்துக்கும்மா.”

“முன்ன எடுத்தத விடக் கம்மிதான?”

“கம்மிதான். ஆனா பாஸ்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “இங்கன பனி ஜாஸ்தி,” என்றாள் அம்மா.

புதன்கிழமை கொல்லங்கோடு போய் மேடத்திடம் மனுவைக் கொடுத்தேன். வட்ட சீல் கடிதத்தை மேலாக வைத்தேன். ஜாமீன் வேண்டாம், கூடுதல் வட்டியும் இல்லை என்றார். சாங்ஷன் கடிதம் வர ஒரு வாரமாவது ஆகுமாம். லயத்துச் சாவியைக் கொடுக்க இன்னும் பதினெட்டு நாள், பழனிச்சாமியின் கெடுவுக்கு இருபத்திரண்டு.

கடிதம் வரட்டும், பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று மேடம் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வெளியே வந்ததும், அம்மாவின் சாமானை ஏற்ற மூணாரில் ஒரு மினி லாரிக்காரருக்குப் போன் செய்து, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோவிந்தாபுரத்துக்கு வண்டி பேசி, முன்பணத்தையும் அனுப்பிவிட்டேன்... அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, லயத்து வாசலில்.